சொல்லிலிருந்து சமன்பாட்டிற்கு: இயற்கணிதக் கற்பித்தலில் சொற்கணக்குகள் அடைந்த மாற்றம்

ஆய்வுச்சுருக்கம்

இயற்கணிதக் கற்பித்தலில் சொற்கணக்குகள் நெடுங்காலமாக இடம்பெற்று வருகின்றன. ஆயினும் அவை வகுப்பறையில் ஆற்றும் பணி எல்லாக் காலத்திலும் ஒன்றாக இருந்ததில்லை. ஒரு காலத்தில் சொற்கணக்கு தீர்வு வழியைச் சுமந்து நின்றது. பின்னர்க் குறியீட்டிற்கு மொழிபெயர்க்கப்படும் மூலமாயிற்று. அண்மைக் காலத்தில் வாழ்க்கைச் சூழலைக் கணிதமாக்கும் பயிற்சியாகக் கருதப்படுகிறது. இம்மாற்றத்தைப் பாபிலோனிய, எகிப்திய, சமற்கிருத, அரபு, ஐரோப்பிய, தமிழ்ச் சான்றுகளின்வழி விளக்குவதும், தமிழ்த் தொடரமைப்பிற்கும் சமன்பாட்டிற்கும் உள்ள உறவைச் சுட்டி அதன் கற்பித்தல் பயனை எடுத்துரைப்பதும் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

திறவுச்சொற்கள்: சொற்கணக்கு, இயற்கணிதம், கணக்கதிகாரம், சமன்பாடு, வினையெச்சம், தமிழ்வழிக் கணிதக் கல்வி

முன்னுரை

'இயற்கணிதம் கடினம்' என்று கூறும் மாணவர்களுள் பலர் உண்மையில் இடர்ப்படுவது சமன்பாட்டைத் தீர்ப்பதில் அன்று, சமன்பாட்டை அமைப்பதிலாகும். 3அ + 5 = 26 என எழுதிக் கொடுத்தால் விடை காணும் மாணவர், அதே செய்தியை இரண்டு தொடர்களில் எழுதிக் கொடுத்தால் தயங்கி நிற்பதை ஆசிரியர்கள் அறிவர். இத்தயக்கத்தைக் கணித அறிவின் குறைபாடு என்று மட்டும் கொள்வதா, மொழிக்கும் குறியீட்டிற்கும் இடையிலுள்ள இடைவெளியின் விளைவு என்று கொள்வதா என்னும் வினா எழுகிறது. இவ்வினாவிற்கு விடை காணச் சொற்கணக்கு என்னும் வகைமை கடந்து வந்த பாதையை அறிதல் இன்றியமையாதது.

'பழங்காலக் கணக்குகள் வாழ்க்கையோடு ஒட்டியவை. இக்காலக் கணக்குகள் செயற்கையானவை' என்னும் கருத்தும், அதற்கு நேர்மாறாகப் 'பழையவை வெறும் புதிர்கள். புதியவையே நடைமுறை சார்ந்தவை' என்னும் கருத்தும் கல்வி உரையாடல்களில் வழங்கி வருகின்றன. கிடைக்கும் சான்றுகள் இவ்விரண்டையும் முழுமையாக ஏற்க இடந்தரவில்லை. காலந்தோறும் மாறியது கணக்கிலுள்ள பொருளைவிடக் கணக்கிலுள்ள சொற்களின் பணியே என்பது இக்கட்டுரையின் கருதுகோள்.

சொற்கணக்கு: வரையறை

எண்களும் அவற்றுக்கிடையிலான உறவுகளும் குறியீடுகளால் அன்றி இயல்பான மொழித்தொடர்களால் தரப்பட்டு, அறியாத ஓர் அளவைக் காணுமாறு கேட்கும் கணக்கு இங்குச் சொற்கணக்கு எனப்படுகிறது. பாடநூல்களில் இது வாக்கியக் கணக்கு, வாழ்வியல் கணக்கு எனவும் வழங்கும். இதில் மூன்று கூறுகள் உள்ளன. ஒன்று, சூழல், அதாவது கணக்கில் வரும் மனிதர், பொருள், நிகழ்வு. இரண்டு, அளவுகளும் உறவுகளும். மூன்று, வினா. இம்மூன்றனுள் எதற்கு முதன்மை தரப்படுகிறது என்பதைப் பொறுத்துக் கற்பித்தல் முறையும் வேறுபடுகிறது.

ஒரு கணக்கு, மூன்று வழிகள்

தமிழ் நாட்டார் வழக்கில் பறவைக் கூட்டத்தைப் பற்றிய கணக்கு ஒன்று சொல்லப்படுவதுண்டு. பறந்து செல்லும் கூட்டத்தை நோக்கித் தனித்திருந்த ஒரு பறவை 'நீங்கள் நூறு பேரா?' எனக் கேட்கிறது. கூட்டத்தோடு அதே அளவு மற்றொரு கூட்டமும், கூட்டத்தில் பாதியும், அப்பாதியில் பாதியும், கேட்ட பறவையும் சேர்ந்தால்தான் நூறு ஆகும் என்பது விடை. கூட்டத்திலுள்ள பறவைகள் எத்தனை என்பது வினா.

இக்கணக்கு தமிழுக்கு மட்டும் உரியதன்று. 8ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த அல்குயின் பெயரால் வழங்கும் இலத்தீன் கணக்குத் தொகுப்பில், வழியில் சந்தித்த மனிதர்களைப் பற்றியதாக இதே அமைப்பு காணப்படுகிறது. 1703இல் வெளிவந்த மாக்னிட்ஸ்கியின் உருசிய எண்கணித நூலில், ஆசிரியரிடம் பயிலும் மாணவர் தொகையைப் பற்றியதாக இது வருகிறது. மூன்றிலும் விடை 36. சூழல் மாறியுள்ளது, உறவு மாறவில்லை.

இதற்குத் தீர்வு காண மூன்று வழிகள் உள்ளன.

முதலாவது, பின்னோக்கிச் செல்லும் வழி. நூற்றில் கேட்ட பறவையை நீக்கினால் 99. கூட்டம், மற்றொரு கூட்டம், அரைக் கூட்டம், கால் கூட்டம் ஆகியவை சேர்ந்து இரண்டே முக்கால் கூட்டம். இரண்டே முக்காலில் கால்கள் பதினொன்று. ஆகவே ஒரு கால் கூட்டம் 9. முழுக் கூட்டம் 36.

இரண்டாவது, ஊக எண் வழி. கூட்டம் 4 எனக் கொண்டால் 4, 4, 2, 1 சேர்ந்து 11 ஆகும். வேண்டுவது 99. அது 11இன் 9 மடங்கு. ஆகவே ஊகித்த 4ஐ 9ஆல் பெருக்க 36 கிடைக்கிறது.

மூன்றாவது, சமன்பாட்டு வழி. கூட்டத்தை 'அ' எனக் கொண்டால் அ + அ + அ/2 + அ/4 + 1 = 100. இதிலிருந்து 11அ/4 = 99; அ = 36.

முதல் வழியில் மாணவர் பறவைக் கூட்டத்தை மனத்தில் இருத்தியே கணக்கிடுகிறார். இரண்டாம் வழியில் பொய்யான ஒரு கூட்டத்தைக் கற்பனை செய்து மெய்யான கூட்டத்தை அடைகிறார். மூன்றாம் வழியில் சமன்பாடு எழுதப்பட்ட உடனே பறவைகள் மறைந்துவிடுகின்றன; விடை கண்ட பின்னரே அவை மீண்டும் வருகின்றன. சொற்கணக்கின் வரலாறு பெரிதும் முதலிரு வழிகளிலிருந்து மூன்றாம் வழிக்கு நகர்ந்த வரலாறேயாகும்.

தொன்மைச் சான்றுகள்

கி.மு. 1550ஐ ஒட்டி ஆமிஸ் என்னும் எழுத்தரால் படியெடுக்கப்பட்ட எகிப்தியக் கணக்குச் சுவடி, ரைண்ட் பாப்பிரசு என்னும் பெயரால் அறியப்படுகிறது. அதன் 24ஆம் கணக்கு, ஓர் அளவும் அதன் ஏழில் ஒரு பங்கும் சேர்ந்து 19 எனில் அவ்வளவு யாது என வினவுகிறது. தீர்வு ஊக எண் வழியில் அமைகிறது. அளவு 7 எனக் கொண்டால் கூட்டுத்தொகை 8; அதை 19 ஆக்கும் விகிதத்தால் 7ஐப் பெருக்க 16 5/8 கிடைக்கிறது. இங்குச் சூழல் எதுவும் இல்லை. மூவாயிரத்து ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன்னரே 'ஓர் எண்ணைக் காண்க' என்னும் வகைக் கணக்கு கற்பிக்கப்பட்டுள்ளது.

பாபிலோனியக் களிமண் பலகைகளில் இன்னும் வியப்பான செய்தி உள்ளது. பிரித்தானிய அருங்காட்சியகத்தில் 13901 என்னும் எண் கொண்ட பலகையின் முதற்கணக்கு, ஒரு சதுரத்தின் பரப்பையும் பக்கத்தையும் கூட்டினால் முக்கால் எனக் கூறிப் பக்கத்தைக் கேட்கிறது. விடை அரை. நிலம் அளப்பவர் எவரும் பரப்போடு நீளத்தைக் கூட்டுவதில்லை. எழுத்தர் பள்ளிகளில் திறன் பயிற்றும் பொருட்டு உருவாக்கப்பட்ட கணக்கே இது. சொற்கள் நிலத்தைப் பேசுகின்றன; நோக்கம் நிலமன்று. ஆகவே செயற்கைத் தன்மை இக்காலப் பாடநூலோடு தோன்றியது எனக் கொள்ள இயலாது.

கி.பி. 820ஐ ஒட்டிப் பாக்தாதில் அல்-குவாரிஸ்மி எழுதிய நூலின் பெயரிலுள்ள 'அல்-ஜப்ர்' என்னும் சொல்லே 'அல்ஜீப்ரா' என்னும் பெயருக்கு மூலம். அந்நூலில் குறியீடு எதுவும் இல்லை. எண்கள்கூடச் சொற்களாலேயே எழுதப்பட்டன. அறியாத அளவு 'பொருள்' என்னும் கருத்துடைய சொல்லால் குறிக்கப்பட்டது. நூலின் பெரும்பகுதி, இசுலாமிய மரபுரிமைச் சட்டப்படி சொத்தைப் பங்கிடும் கணக்குகளுக்கு ஒதுக்கப்பட்டது. பாபிலோனியக் கணக்கிற்கு மாறாக, இங்குச் சூழல் வெறும் ஆடையன்று. சட்டமே கணக்கின் உறவுகளைத் தருகிறது.

1150இல் இரண்டாம் பாஸ்கரர் இயற்றிய லீலாவதியும் பீசகணிதமும் வேறொரு நிலையைக் காட்டுகின்றன. லீலாவதியில் வரும் தேனீக் கணக்கில், கூட்டத்தின் பாதியின் வர்க்கமூலமும், கூட்டத்தின் ஒன்பதில் எட்டுப் பங்கும், எஞ்சிய ஓர் இணையும் சேர்ந்து முழுக்கூட்டமாகின்றன. விடை 72, அதாவது 6, 64, 2. செய்யுளில் அமைந்த இத்தகைய கணக்குகளில் சுவையும் மனனமும் ஒருங்கே கருதப்பட்டன. பீசகணிதத்தில் அறியாத அளவுகளுக்கு 'யாவத்-தாவத்' என்னும் தொடரும் நிறங்களின் பெயர்களும் சுருக்கக் குறியீடுகளாயின. ஆகவே குறியீட்டு வழி ஐரோப்பாவில் மட்டுமே தோன்றியது என்பதும் பொருந்தாது.

லீலாவதியில் ஊற்றுகள் குளத்தை நிரப்பும் கணக்கும் உண்டு. தனித்தனியே 1, 1/2, 1/3, 1/6 நாளில் நிரப்பவல்ல நான்கையும் ஒருங்கே திறந்தால், ஒரு நாளில் 1 + 2 + 3 + 6 = 12 முறை நிரம்பும்; ஆகவே ஒருமுறை நிரம்ப 1/12 நாள். குழாயும் தொட்டியுமாக இக்கணக்கு இன்றைய பாடநூல்களிலும் தொடர்கிறது.

தமிழ்க் கணக்கு மரபு

தமிழில் காரிநாயனார் இயற்றிய கணக்கதிகாரமும், நாவிலிப் பெருமாளின் ஆஸ்தான கோலாகலமும், திண்ணைப் பள்ளிகளில் மனனம் செய்யப்பட்ட எண்சுவடியும் இவ்வாய்விற்கு உரிய சான்றுகள். கணக்கதிகாரத்தில் நிலவழி, பொன்வழி, நெல்வழி முதலிய பகுப்புகள் காணப்படுகின்றன. கணிதச் செயல்களின் அடிப்படையில் அன்றி, அளக்கப்படும் பொருளின் அடிப்படையில் கணக்குகள் பகுக்கப்பட்டிருப்பது கருதத்தக்கது. கற்போர் கூட்டல், பெருக்கல் என்னும் தலைப்பின்கீழ் அன்றி, நிலம், பொன், நெல் என்னும் தலைப்பின்கீழ்க் கணக்கைச் சந்தித்தனர்.

எண்ணும் பொருளும் எவ்வளவு நெருங்கியிருந்தன என்பதற்கு 'மா' என்னும் சொல் சான்று. அது இருபதில் ஒன்று என்னும் பின்னத்தின் பெயர். வேலியில் இருபதில் ஒரு பங்கான நிலத்தின் பெயரும் அதுவே. ஒரு மாணவர் 'மா' எனக் கற்றபோது எண்ணையும் நிலத்தையும் ஒருங்கே கற்றார்.

இதனால் தமிழ் மரபு முற்றிலும் நடைமுறை சார்ந்தது எனக் கொள்ளலாகாது. 32 முழ உயரமுள்ள முடப்பனையில் நாள்தோறும் ஒரு சாண் ஏறி நான்கு விரற்கடை சறுக்கும் ஓந்தியைப் பற்றிய கணக்கு இம்மரபில் புகழ் பெற்றது. முழத்திற்கு 2 சாண், சாணுக்கு 12 விரற்கடை. ஆகவே உயரம் 768 விரற்கடை. நாளொன்றுக்கு நிகர ஏற்றம் 8 விரற்கடை. விடை 96 நாள். இத்தகைய கணக்கில், உச்சியை அடைந்த நாளில் சறுக்கல் இல்லையே என்னும் ஐயம் எழக்கூடும். 95ஆம் நாள் 752 விரற்கடையில் தொடங்கி 764ஐ எட்டும் ஓந்தி, உச்சியை அடையாது சறுக்குகிறது. 96ஆம் நாள் 760இல் தொடங்கி ஏறும்போதே உச்சியை அடைகிறது. இரு வகையில் நோக்கினும் விடை 96ஆம் நாளேயாகிறது. பனையேறும் ஓந்தியை அளக்கும் தேவை எவர்க்கும் இல்லை. ஆனால் முழத்தைச் சாணாகவும் சாணை விரற்கடையாகவும் மாற்றும் தேவை அனைவர்க்கும் இருந்தது. பயனற்ற சூழலின் வழியே பயனுள்ள அளவை வாய்பாடு பயிற்றப்பட்டது.

இம்மரபில் கணக்கோடு அதன் தீர்வு வழியும் சொற்களாலேயே தரப்பட்டது. பலாப்பழத்தின் காம்பைச் சுற்றியுள்ள முட்களை எண்ணி 6ஆல் பெருக்கி 5ஆல் வகுத்தால் சுளைகளின் தொகை வரும் என்பது போன்ற விதிகள் இதற்கு எடுத்துக்காட்டு. அவ்விதி எல்லாப் பழத்திற்கும் பொருந்துமா என்பது வேறு வினா. இங்குக் கருதத்தக்கது அதன் மொழி அமைப்பு: எண்ணி, பெருக்கி, வகுக்க என வினையெச்சங்கள் செயல்முறையின் வரிசையைச் சுமக்கின்றன.

குறியீட்டின் வருகையும் மொழிபெயர்ப்பு நோக்கும்

1591இல் வியேட் அறிந்த அளவுகளுக்கும் அறியாத அளவுகளுக்கும் எழுத்துகளைப் பயன்படுத்தினார். 1637இல் டெக்கார்ட் இன்றைய குறியீட்டு முறைக்கு மிக நெருங்கிய வடிவத்தைத் தந்தார். இதன் கற்பித்தல் விளைவை 1707இல் வெளிவந்த நியூட்டனின் பொது எண்கணித நூலில் தெளிவாகக் காணலாம். ஒரு வணிகர் ஆண்டுதோறும் குடும்பச் செலவிற்கு 100 பவுண்டு எடுத்துக்கொண்டு, எஞ்சியதை மூன்றில் ஒரு பங்கு பெருக்குகிறார். மூன்றாண்டு முடிவில் செல்வம் இருமடங்காகிறது. தொடக்கத்தில் இருந்தது எவ்வளவு? நியூட்டன் இதனை இரண்டு நிரல்களாகப் பிரிக்கிறார். ஒரு நிரலில் மொழித்தொடரின் ஒவ்வொரு துண்டும், எதிர் நிரலில் அதற்குரிய குறியீட்டுக் கோவையும் இடம்பெறுகின்றன. விடை 1480. சரிபார்த்தால் 1480, 1840, 2320, 2960 என ஆண்டுதோறும் வளர்ந்து இருமடங்காவது விளங்கும்.

இந்த இருநிரல் அமைப்பு சொற்கணக்கின் வரலாற்றில் திருப்புமுனையாகும். அதுவரை தீர்வு வழி கணக்கின் சொற்களுக்குள்ளேயே இயங்கியது. இப்போது கணக்கின் சொற்கள் மூலமொழியாகவும், குறியீடு இலக்குமொழியாகவும் ஆயின. 1945இல் 'எவ்வாறு தீர்ப்பது' என்னும் பொருள்படும் நூலில் ஜார்ஜ் போல்யா, சமன்பாடு அமைப்பதை ஒரு மொழியிலிருந்து மற்றொரு மொழிக்குப் பெயர்ப்பதோடு ஒப்பிட்டமை இந்நோக்கின் தொடர்ச்சியே.

பாடநூல்களும் வகைக் கணக்குகளும்

19ஆம் நூற்றாண்டில் பள்ளிக் கல்வியும் தேர்வு முறையும் பரவியபோது சொற்கணக்குகள் வகைப்படுத்தப்பட்டன. வயதுக் கணக்கு, கலவைக் கணக்கு, வேலை-நாள் கணக்கு, தூரம்-நேரக் கணக்கு, இலக்கக் கணக்கு என்னும் வகைகள் நிலைபெற்றன. 1885இல் வெளிவந்த ஹால், நைட் ஆகியோரின் தொடக்க இயற்கணித நூல் இந்தியப் பள்ளி, கல்லூரிகளிலும் பரவலாகப் பயன்பட்டது.

யாழ்ப்பாணத்தில் 1855இல் கறோல் விசுவநாதபிள்ளையின் வீசகணிதம் வெளிவந்தமை, இயற்கணிதத்தைத் தமிழில் பாடநூலாக்கும் முயற்சி அக்காலத்திலேயே தொடங்கியதைக் காட்டுகிறது. வீசகணிதம் அல்லது பீசகணிதம், இன்றும் இலங்கையில் வழங்கும் அட்சரகணிதம், தமிழ்நாட்டில் வழங்கும் இயற்கணிதம் என்னும் பெயர்கள் இத்துறையின் தமிழாக்க வரலாற்றின் அடுக்குகளாகும்.

1957 ஏப்ரல் முதல் நாள் இந்தியாவில் பதின்ம நாணய முறை நடைமுறைக்கு வந்தது. அதுவரை ரூபாய்க்கு 16 அணா, அணாவிற்கு 12 பை என 192 பை கொண்ட முறை வழங்கியது. அதே காலத்தில் மெட்ரிக் அளவைகளும் வந்தன. அளவை மாற்றமே பெரும் உழைப்பாக இருந்த கணக்குகள் மறைந்தன. அரைக்கால், மாகாணி முதலிய பின்னப் பெயர்களும் வகுப்பறையிலிருந்து விலகின. கணக்கு எளிதாயிற்று, அதே வேளையில் வீட்டுப் பேச்சில் இருந்த எண்மொழிக்கும் பள்ளி எண்மொழிக்கும் இடைவெளி கூடியது.

அமெரிக்காவில் 1923இல் தார்ன்டைக் இயற்கணிதத்தின் உளவியல் பற்றிய நூலில், வாழ்க்கையில் எவரும் எதிர்கொள்ளாத கணக்குகளைப் பாடநூல்கள் நிரப்பியிருப்பதைக் குறைகூறினார். 1957இல் ஸ்புட்னிக் ஏவப்பட்ட பின் வலுப்பெற்ற 'புதுக் கணிதம்' கணங்களுக்கும் எண் அமைப்பின் பண்புகளுக்கும் முதன்மை தந்தது. சூழல் பின்னுக்குச் சென்றது. அதனை மோரிஸ் கிளைன் 1973இல் கடுமையாகத் திறனாய்ந்தார். நெதர்லாந்தில் பிராய்டந்தாலின் சிந்தனை வழி உருவான நடப்பியல் கணிதக் கல்வி, சூழலிலிருந்தே கணிதக் கருத்தை உருவாக்க முயன்றது. இந்தியாவில் 2005ஆம் ஆண்டுத் தேசியக் கலைத்திட்ட வடிவமைப்பு, குழந்தையின் சிந்தனையைக் கணிதமயமாக்குவதை நோக்கமாக முன்வைத்தது. இவ்வாறு சூழல் மீண்டும் முன்னுக்கு வந்தது.

சூழலைப் புறக்கணிக்கும் பழக்கம்

சூழல் பாடநூலில் இருப்பதனால் மட்டும் அது மாணவர் மனத்தில் இடம்பெறுவதில்லை. 1980களில் அமெரிக்கத் தேசிய மதிப்பீட்டில் 13 வயது மாணவர்களிடம் ஒரு கணக்கு கேட்கப்பட்டது. ஒரு பேருந்தில் 36 படைவீரர் செல்லலாம். 1128 வீரர்களுக்கு எத்தனை பேருந்துகள் தேவை? ஏறத்தாழ 70 விழுக்காட்டினர் வகுத்தலைச் சரியாகச் செய்தனர். 31 ஈவும் 12 மீதியும் பெற்றனர். ஆனால் 32 பேருந்துகள் என்னும் பொருத்தமான விடையைத் தந்தோர் நான்கில் ஒரு பங்கிற்கும் குறைவு. '31, மீதி 12' என்பதையே பேருந்துகளின் எண்ணிக்கையாக எழுதியோரும் பலர். பிரான்சின் கிரெனோபிளில் நிகழ்ந்த ஆய்வில், கப்பலிலுள்ள ஆடுகளின் எண்ணிக்கையைக் கூறி மாலுமித் தலைவரின் வயதைக் கேட்டபோது, சிறுவர்களுள் பெரும்பாலோர் தரப்பட்ட எண்களைக் கூட்டி விடையளித்தனர்.

இவற்றை மாணவரின் அறியாமை எனக் கொள்வது எளிது. ஆனால் பள்ளிக் கணக்கு என்பதற்கு எழுதப்படாத விதிகள் உள்ளன: தரப்பட்ட எண்கள் அனைத்தையும் பயன்படுத்த வேண்டும், விடை கட்டாயம் உண்டு, சூழலைப் பற்றி வினவக் கூடாது. வகைக் கணக்குகளின் நீண்ட பயிற்சி இவ்விதிகளையே கற்பித்துள்ளது. மாணவர் பொருளற்று நடந்துகொள்ளவில்லை. பள்ளி பயிற்றிய பொருளில் சரியாகவே நடந்துகொண்டனர்.

தமிழ்த் தொடரமைப்பும் சமன்பாடும்

மேற்கண்ட ஆய்வுகள் ஐரோப்பிய மொழிகளை அடிப்படையாகக் கொண்டவை. வினைமுற்று இறுதியில் நிற்பதும், வேற்றுமை உருபுகளும் எச்சங்களும் உறவுகளைக் காட்டுவதுமான தமிழில் நிலை வேறாகிறது. இதனை மூன்று கூறுகளில் காணலாம்.

முதலாவது, செயல் வரிசை. 'ஓர் எண்ணுடன் 5ஐக் கூட்டி, வந்ததை 3ஆல் பெருக்கினால் 36 கிடைக்கிறது' என்னும் தொடரில் 'கூட்டி' என்னும் வினையெச்சம் முதற்செயல் முடிந்ததை உணர்த்துகிறது. குறியீட்டில் அடைப்புக்குறி செய்யும் பணியைத் தமிழில் எச்சம் செய்கிறது. (அ + 5) × 3 = 36 என்பது தொடரின் வரிசையிலேயே அமைகிறது; அ = 7. இதற்கு மாறாக, 'ஓர் எண்ணின் 3 மடங்குடன் 5ஐக் கூட்டினால்' என்பதில் '-உடன்' என்னும் உருபு, மடங்காக்கல் முடிந்த எல்லையைக் காட்டுகிறது. ஆனால் ஆங்கிலப் பாடநூலை அடியொற்றி 'ஓர் எண் மற்றும் ஐந்தின் கூடுதலின் மூன்று மடங்கு' என எழுதும்போது, எச்சம் நீங்கிப் பெயர்களும் ஆறாம் வேற்றுமையும் அடுக்கி நிற்கின்றன. 'மூன்று மடங்கு' எதனைத் தழுவுகிறது என்பதை மாணவர் ஊகிக்க வேண்டியதாகிறது. இங்கு இடர் கணிதத்தில் இல்லை, தொடரில் உள்ளது.

இரண்டாவது, ஒப்பீடு. ஒரு பல்கலைக்கழகத்தில் ஒரு பேராசிரியருக்கு ஆறு மாணவர் வீதம் உள்ளனர் என்னும் கருத்தைச் சமன்பாடாக்குமாறு அமெரிக்கப் பொறியியல் மாணவர்களிடம் கேட்டபோது, 37 விழுக்காட்டினர் பிழை செய்ததை 1980ஐ ஒட்டி ரோஸ்னிக், கிளெமென்ட் ஆகியோர் பதிவு செய்தனர். பெரும்பாலோர் 6மா = பே எனத் தலைகீழாக எழுதினர். 'ஆறு மடங்கு மாணவர்' என்பது ஆங்கிலத் தொடரில் முதலில் வருவது இதற்கு ஒரு காரணம்; எழுத்தை எண்ணிக்கையாகக் கொள்ளாது பெயரின் சுருக்கமாகக் கொள்வது மற்றொரு காரணம். தமிழில் இதே கருத்து 'பேராசிரியர் எண்ணிக்கையைப் போல் 6 மடங்கு மாணவர்' என வரும். சொற்களை வரும் வரிசையிலேயே எழுதினாலும் பே × 6 = மா என்னும் சரியான சமன்பாடு கிடைக்கிறது. முதற்காரணம் தமிழில் வலுவிழக்கிறது. இரண்டாம் காரணம் அப்படியே நிற்கிறது. எனவே தமிழ்வழி மாணவரிடம் இப்பிழை தோன்றுமாயின் அது எழுத்தின் பொருளைப் பற்றிய குழப்பத்தையே பெரிதும் காட்டும் என்பது களத்தில் சோதிக்கத்தக்க கருதுகோளாகும்.

மூன்றாவது, பொருள் மயக்கம். '3 மடங்கு' என்பது தெளிவு; '3 மடங்கு அதிகம்' என்பது 3அ எனவும் 4அ எனவும் கொள்ளக் கிடக்கிறது. வினாத்தாளில் இத்தகைய தொடர் இடம்பெறின் மாணவரின் மதிப்பெண் கணித அறிவால் அன்றி வினா அமைத்தவரின் சொல்லாட்சியால் முடிவாகிறது. சொற்கணக்கின் மொழி தேர்வில் நேர்மை சார்ந்த சிக்கலாகவும் அமைவது இதனால் புலனாகும்.

கற்பித்தல் பயன்கள்

மேற்கூறியவற்றிலிருந்து சில நடைமுறைப் பயன்கள் பெறப்படுகின்றன. பின்னோக்கு வழியையும் ஊக எண் வழியையும் 'பழைய முறை' என ஒதுக்காமல் சமன்பாட்டிற்கு முன்படியாகப் பயிற்றலாம். ஊக எண்ணாகிய 4 இருந்த இடத்தில் 'அ' வந்து அமர்வதைக் காணும் மாணவர், எழுத்து ஓர் எண்ணிக்கைக்கு நிற்பதை உணர்வார். தமிழ்வழிச் சொற்கணக்குகளை மொழிபெயர்ப்பாக அன்றித் தமிழ்த் தொடராகவே ஆக்குதல் வேண்டும். பாடநூற் குழுக்களில் கணித ஆசிரியரோடு மொழி ஆசிரியரும் இடம்பெறுதல் இதற்குத் துணைபுரியும். சமன்பாட்டைக் கொடுத்து அதற்குரிய கணக்கைத் தம் சூழலிலிருந்து எழுதுமாறு மாணவரைப் பணித்தல், மொழிபெயர்ப்பை இருவழிப் போக்காக்கும். மீதி வரும் கணக்கு, விடையில்லாக் கணக்கு, மிகையான எண் தரப்பட்ட கணக்கு ஆகியவற்றை இடையிடையே அளித்தால், சூழலைப் படிக்கும் பழக்கம் மீளும்.

முடிவுரை

சொற்கணக்குகள் நடைமுறையிலிருந்து செயற்கைக்கோ, செயற்கையிலிருந்து நடைமுறைக்கோ நேர்கோட்டில் நகரவில்லை. பரப்போடு பக்கத்தைக் கூட்டிய பாபிலோனிய எழுத்தரும், சொத்தைப் பங்கிட்ட அல்-குவாரிஸ்மியும், நெல்லையும் நிலத்தையும் அளந்ததோடு ஓந்தியைப் பனையேற்றிய தமிழ்க் கணக்கரும் இரு வகைகளையும் அறிந்திருந்தனர். மாறியது சொல்லின் பணி. தீர்வு வழியைச் சுமந்த சொல், குறியீடு வந்தபின் கடந்து செல்லப்படும் படியாயிற்று. வகைக் கணக்குகளின் காலத்தில் எந்தச் செயலைச் செய்வது எனக் காட்டும் குறிப்பாகச் சுருங்கியது. இன்றைய கலைத்திட்டங்கள் சூழலுக்கு முதன்மை தருவதாகக் கூறினும், அச்சூழலைச் சொல்லும் மொழி செப்பமாக இல்லாவிடில் அம்முயற்சி நிறைவேறாது. தமிழின் எச்சங்களும் வேற்றுமை உருபுகளும் சமன்பாட்டின் அமைப்பைத் தாமே காட்டவல்லவை. அவ்வாற்றலைப் பயன்படுத்தும் சொற்கணக்குகளை உருவாக்குவதும், அவை தமிழ்வழி மாணவரிடம் விளைக்கும் பயனைக் களத்தில் அளப்பதும் இத்துறையில் மேற்கொள்ளத்தக்க அடுத்த பணிகளாகும்.